ஆற்று மணலில் கிடைத்த பழைய மண் சுங்கான் (புகை பிடிக்கும் குழாய்) எங்கே செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலையாக, புகையிலை வைக்கும் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் அந்தக் குமிழைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே தாமிரபரணி ஆற்று மணலில் கிடைத்தது, வெள்ளை மண், பாதித் தண்டு இல்லை, குமிழைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. மாமா புன்னைக்காயல் பக்கம் உப்பள வேலையில் இருந்தபோது எடுத்து வந்தது. சாமியார் சிலிம் என்று சொல்லி ஆச்சி அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மாமாவோ கட்டபொம்மன் காலத்துச் சாமான் என்றார். எங்கள் பக்கத்தில் பழசாக எது கிடைத்தாலும் அது கட்டபொம்மனுடையதுதான்!

முடிச்சை அவிழ்த்தவர் காருகுறிச்சியில் பானை வனையும் ஒரு தாத்தா. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். "இது நம்ம குளத்து மண்ணு இல்லடே. நம்ம மண்ணு சூளையில வெந்தா செவக்கும். இது வெந்தும் வெள்ளையா நிக்கு. சக்கரத்துல வச்சதும் இல்ல, அச்சு. இந்தா கோடு தெரியுது பாரு."

அவர் சொன்னது அத்தனையும் சரி. நம் மண்ணில் இரும்புச் சத்து அதிகம், அதனால் சிவக்கிறது. ஐரோப்பாவில் சுங்கானுக்கென்றே இரும்பு குறைந்த வெள்ளைக் களிமண் எடுத்தார்கள். அதைத் திரி போல உருட்டி, நடுவே கம்பியைச் செருகி, இரண்டு பாதியாகத் திறக்கும் உலோக அச்சில் வைத்து அமுக்கினார்கள். இரண்டு பாதியும் சேரும் இடம்தான் அந்தக் கோடு.

அடுத்தது தண்டின் துளை. அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் 1954-ல் ஒரு கணக்குச் சொன்னார். 1600 வாக்கில் ஒரு அங்குலத்தில் 64-ல் 9 பங்கு இருந்த துளை, படிப்படியாகச் சிறுத்து 1750-க்குப் பிறகு 4 பங்குக்கு வந்துவிட்டது. பட்டறையில் ட்ரில் பிட் வாங்கி, அதன் வால் பக்கத்தை விட்டுப் பார்த்தேன். 2 மில்லிமீட்டர் நுழைந்தது, 2.5 நுழையவில்லை. உடனே வருஷம் சொல்லிவிடாதீர்கள். அது இங்கிலாந்துக் குழாய்களை வைத்து, அதுவும் கூடை கூடையாகத் துண்டுகளை அளந்து போட்ட கணக்கு. ஒற்றைத் துண்டுக்கு ஆகாது.

உண்மையான சாட்சி குமிழ்தான். நெதர்லாந்தின் கௌடா நகரில் செய்த சுங்கான்களில் அதன் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும், பல சமயம் ஒரு கிரீடத்தோடு. 1740 வாக்கிலிருந்து குமிழின் பக்கவாட்டில் நகரத்தின் சின்னமான குட்டிக் கேடயத்தையும் சேர்த்தார்கள். மிளகில் பாதிகூட இருக்காது, லென்ஸ் வேண்டும். என்னுடையதில் அந்தக் கேடயம் இருக்கிறது. கௌடா சரக்குக்கு மவுசு என்பதால் பக்கத்து ஊர்க்காரர்களும் அதே முத்திரையைக் காப்பியடித்தார்கள் என்பது வேறு கதை.

இங்கே எப்படி வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1825-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை, நடுவே சில இடைவெளிகள் தவிர, அவர்கள் வசம்தான் இருந்தது. புன்னைக்காயல் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. ஆனால் உங்களுடையது ஆற்றுக்குள் கிடைத்திருக்கிறது. ஆற்றின் மேற்புறம் பாளையங்கோட்டையில் ஆங்கிலக் கம்பெனிப் பட்டாளம் இருந்தது, அவர்களும் புகைத்தவர்கள்தான். டச்சுச் சுங்கான் என்றால் புகைத்தவனும் டச்சுக்காரன் என்று முடிவு கட்ட முடியாது. கிடைத்த இடத்தை இப்போதே குறித்து வையுங்கள், அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு உங்களுக்கே அடையாளம் தெரியாது. பொருளைப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். அந்த இடத்தை மட்டும் தோண்டாதீர்கள்.

இனி அந்தத் தேய்க்கிற விஷயம். வெண்கலக் கும்பாவைத் துலக்குவதுபோலச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு நான் என்னுடையதைத் துலக்கினேன். பக்கவாட்டில் பள்ளமாக இருந்ததால் கேடயம் தப்பியது. அடியில் கிரீடம் மட்டும் மிச்சம். அதற்குக் கீழே இருந்தது எண்ணா, எழுத்தா, படமா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

உங்கள் குமிழின் அடிப்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கழுவாமல்.