மச்சானும் டைட்டானிக் பதக்கமும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். டைட்டானிக்கில் உயிர் தப்பியவர்கள் தங்களை மீட்ட கார்பேத்தியா கப்பல்காரர்களுக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கம் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. 10,000 பவுண்டுக்கு முடியும், பாதி போடுங்கள் என்கிறார் மனைவியின் தம்பி. சேமிப்பில் 6,500 இருக்கிறது. முன்பு அவர் சொல்லி வாங்கிய புது வெள்ளி நினைவுப் பதக்கங்களுக்காக கிரெடிட் கார்டில் 4,000 நிற்கிறது. வட்டி 24%, மாதம் 100 கட்டுகிறேன். சேரலாமா?

பதில்: வேண்டாம்.

பதக்கத்தின் மேல் குறையில்லை. 1912 மே மாதம் நியூயார்க்கில், தப்பியவர்கள் சார்பில் மார்கரெட் பிரவுன் கார்பேத்தியாவின் கேப்டன் ரோஸ்ட்ரனுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தபோது வழங்கப்பட்டவை இவை. முன்பக்கம் பனிப்பாறைகளுக்கு நடுவே கப்பல், பின்பக்கம் நன்றி வாசகம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதவிக்கேற்ப மூன்று தரம். நகல்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனால் வெள்ளியின் எடைக்கு இங்கே மதிப்பில்லை. எந்த அதிகாரிக்குக் கிடைத்தது, யார் கை மாறி வந்தது என்ற காகிதத்துக்குத்தான் விலை. மச்சான் அதைப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2024இல் ரோஸ்ட்ரனின் தங்கக் கடிகாரம் 15 லட்சம் பவுண்டுக்கு மேல் போனதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது கேப்டனின் கடிகாரம் ஐயா!

ஏலத்தில் 10,000 என்றால் வாங்குபவர் கமிஷன், அதன் மேல் வாட் வரி எல்லாம் சேர்த்து 13,000 ஆகிவிடும். பிறகு அதே 10,000க்கு விற்றால் விற்பனைக் கமிஷன் போக 8,200 வரலாம். போட்டதை எடுக்கவே விலை கிட்டத்தட்ட 16,000 ஆக வேண்டும். அதுவும் எப்போது விற்பது என்பதில் நீங்களும் மச்சானும் ஒத்துப்போனால்!

சரி, இதைவிடப் பெரிய ஓட்டை கார்டில் இருக்கிறது. நீங்கள் கட்டும் 100இல் 80 வட்டிக்கே போகிறது. இப்படியே போனால் முடிக்க கிட்டத்தட்ட ஏழு வருஷம் பிடிக்கும், மொத்தம் 8,000க்கு மேல் கட்டியிருப்பீர்கள். கையில் 6,500 வைத்துக்கொண்டு 24% வட்டி கட்டுவானேன்? இந்த வாரமே 4,000ஐ அடைத்துவிடுங்கள். மீதி 2,500 அவசரத்துக்கு இருக்கட்டும். மாதம் 100 தொடர்ந்து சேமிப்பில் போகட்டும்.

அப்புறம் அந்தப் புதுப் பதக்கங்களை எடை போட்டு, அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கிப் பாருங்கள். ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் எடையில் 92.5% மட்டும் கணக்கு. பெட்டிக்கும் சான்றிதழுக்கும் வாங்கும் கடைக்காரர் காசு தரமாட்டார். அந்தத் தொகையை மச்சானிடம் காட்டிவிட்டு, "பணம் கார்டுக்குப் போய்விட்டது" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, மனைவிக்கும் சங்கடம் இல்லை.