25 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கப் போகிறேன், தாய்க்கோழி இல்லை. வீட்டிலேயே புரூடர் (தாய்க்கோழிக்குப் பதிலாகக் குஞ்சுகளுக்குச் சூடு தரும் அடைப்பு) செய்வது எப்படி?

பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள், அட்டைப்பெட்டியில் 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் காலையில் ஆறு குஞ்சுகளை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் அரவக்குறிச்சிப் பக்கம். சித்திரை பிறந்துவிட்டால் கரூர் பரமத்தியின் பெயர் வானிலைச் செய்தியில் அடிக்கடி வரும், அந்த வெயில்தான் எங்களுக்கும். அந்த ஏப்ரலில் எங்கிருந்தோ படித்த அட்டவணையை அப்படியே நம்பினேன். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட்டாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கணக்கு தப்பே இல்லை. ஆனால் மத்தியானம் எங்கள் தாழ்வாரமே 38 செல்சியஸில் இருந்தது. அதற்கு மேல் நான் பல்பையும் எரியவிட்டு, பூனைக்குப் பயந்து பெட்டியின் மூடியையும் சாத்தி வைத்திருந்தேன். குஞ்சுகள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து, பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இரைத்தன. தண்ணீர்த் தாகம் என்று நினைத்து இன்னொரு கிண்ணம் வைத்தேனே தவிர, பல்பை அணைக்கத் தோன்றவில்லை.

செத்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கேட்டது: "கோழி என்ன கண்ணு, குஞ்சுவள நாளு பூரா வகுத்துக்கு அடியிலயேவா வச்சிருக்கும்? மேயறப்ப மேயும், குளுருனா வந்து நுழையும்." புரூடர் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. புரூடர் என்பது அந்த வயிறுதான். சூடு ஓரிடத்தில் இருக்க வேண்டும், அதைவிட்டு விலகிப் போகவும் இடம் இருக்க வேண்டும். பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் குஞ்சு எங்கே போகும்? அட்டைப்பெட்டியின் கோளாறே அதுதான். இடம் போதாது, மூலைகளும் நான்கு.

மூலை என்ன செய்யும் என்பதை அதே வருடம் ஆடியில் தெரிந்துகொண்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் போயிருக்கிறது. கதவிடுக்கு வழியாகக் காற்று தரையோடு வந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் எல்லாக் குஞ்சும் ஒரே மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை கத்திக்கொண்டிருந்தன. அடியில் சிக்கிய நான்கு, மூச்சு முட்டிச் செத்திருந்தன. குளிர் நேராகக் கொன்றதைவிட, குளிருக்குப் பயந்து குவிந்ததில் செத்ததுதான் அதிகம்.

அதனால் நீங்கள் வட்டமாகச் செய்யுங்கள். ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி என்று வைத்தால் 25 குஞ்சுக்குப் பன்னிரண்டரை சதுர அடி. நான்கு அடி விட்டமுள்ள வட்டம் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும், சுற்றளவு பன்னிரண்டரை அடி. நான் வெல்டிங் பட்டறையில் மிச்சம் கிடந்த ஒன்றரை அடி உயரத் தகரத்தைப் பதினாறு அடி நீளத்துக்கு எடைக்கு வாங்கி வந்தேன். முதலில் ஒரு முனையை இன்னொன்றின் மேல் மூன்றரை அடி ஏற்றிச் சுருட்டி, துணிக்குப் போடும் கிளிப்பால் பிடித்தேன். குஞ்சுகள் வளர வளரக் கிளிப்பைத் தளர்த்தி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தகர விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய வாட்டர் டியூபை நீளவாக்கில் கீறி விளிம்பில் சொருகிவிட்டால் தொல்லை இல்லை. தகரம் கிடைக்காவிட்டால் அட்டையையே வட்டமாக வளைக்கலாம், ஒரு தடவைக்குத் தாங்கும். ஒன்றரை அடி உயரத்துக்கு ஓட்டை இல்லாமல் இருப்பதுதான் முக்கியம், தரையோடு வரும் காற்றை அதுதான் தடுக்கிறது. மேலே கோழி வலையைப் போட்டு நாலு செங்கல் வையுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், காற்றோட்டம் நின்று எச்சத்தின் நெடி உள்ளேயே தங்கிவிடும், கண் எரியும். எலி வரும் வழியையும் பாருங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வந்து ஒன்றைத் தூக்கிப் போனது.

பல்பு விஷயம். குஞ்சுக்கு இரண்டு வாட்ஸ் என்பது இங்கே பண்ணைக்காரர்கள் சொல்லும் கணக்கு. உங்களுக்கு 50 வாட்ஸ், குளிர்காலம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. ஆனால் ஒரே பெரிய பல்பு போடாதீர்கள், 40 வாட்ஸ் பல்பு இரண்டு போடுங்கள். ஒன்று ராத்திரியில் ஃபியூஸ் போனாலும் இன்னொன்று விடியும்வரை காப்பாற்றும். எல்இடி பல்பு எத்தனை பிரகாசமாக எரிந்தாலும் இதற்கு உதவாது, அதில் குஞ்சைக் காக்கும் சூடு வராது. பழைய குண்டு பல்பை இப்போது எல்லாக் கடையிலும் வைத்திருப்பதில்லை. சின்ன எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பல்புகளுக்கு மேல் குடை மாதிரி ஒன்று இருந்தால் சூடு மேலே போய் வீணாகாமல் கீழே இறங்கும். நான் ஓட்டை விழுந்த பெரிய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, அடியில் துளை போட்டு ஹோல்டர்களைப் பொருத்தினேன். பிளாஸ்டிக் பேசின் உருகிவிடும், வேண்டாம். அப்புறம் ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள், இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். சட்டியின் எடையைத் தாங்கத் தனியாகச் சங்கிலியோ கட்டுக்கம்பியோ போட்டு உத்தரத்தில் கட்டுங்கள். எரியும் பல்பு உமி மேல் விழுந்தால் குஞ்சோடு வீடும் போகும். சங்கிலியில் இன்னொரு வசதி உண்டு, ஒரு கண்ணி ஏற்றி இறக்கிச் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு அடி உயரத்தில் ஆரம்பியுங்கள். வட்டத்தின் நட்டநடுவில் வேண்டாம், ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டினால் மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கும்.

வெப்பமானி வாங்குவதென்றால் வாங்குங்கள், குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது உமிக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள். ஆனால் நான் இப்போது அதைப் பார்ப்பதே குறைவு. பல்புக்கு அடியில் குவிந்து கீச்சுக் கீச்சென்று விடாமல் கத்தினால் சூடு பற்றவில்லை. தகரத்தை ஒட்டிப் போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம். எல்லாமே ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம், அங்கே ஒரு சாக்கைக் கட்டுங்கள். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் மெதுவாகப் பேசிக்கொண்டும் இருந்தால் கையை எடுத்துவிட்டு நீங்களும் போய்ப் படுக்கலாம். முதல் ராத்திரி மட்டும் பத்து மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து பாருங்கள். நம் ஊரில் விடியற்காலைக் குளிர்தான் ஏமாற்றும். கோடையில் பகல் பத்து மணிக்குப் பல்பை அணைத்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போட்டால் போதும் என்கிற நாட்களும் உண்டு.

மின்சாரம் போனால்? இரண்டு மூன்று பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வைத்துவிடுவேன், குஞ்சுகள் போய் ஒட்டிக்கொள்ளும். வட்டத்தின் மேல் பாதிக்குச் சாக்குப் போர்த்திவிட்டால் இருக்கிற சூடு கொஞ்ச நேரம் நிற்கும். ஊரில் சிலர் மண்பானையில் துளை போட்டுக் கரியை எரிய வைத்து அதைச் சுற்றிக் குஞ்சுகளை விடுவார்கள். நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்கு அது சரி. கதவு சாத்திய அறையில் செய்யாதீர்கள், புகை தெரியாமலே கரியின் நச்சு வாயு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

தரைக்கு நெல் உமி இரண்டு அங்குலம். மரத்தூள் நைஸாக இருந்தால் தீவனம் என்று தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாள் உமியின் மேலே தாள் விரித்து அதிலேயே தீவனத்தைத் தூவுவது வழக்கம், குஞ்சு உமியைக் கொத்தாமல் தீவனத்தைக் கண்டுகொள்ளும். ஆனால் வழவழப்பான தாளில் கால் வழுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து நொண்டியாகிவிடும். தாளை நன்றாகக் கசக்கி விரியுங்கள். கோணிச்சாக்கு விரித்தும் பார்த்தேன், நூல் பிரிந்து கால் விரலில் சுற்றிக்கொண்டது, பிளேடால் அறுத்துவிட வேண்டியதாயிற்று.

குஞ்சு வருவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு உமியைச் சூடாக்கி வையுங்கள். வந்ததும் முதல் வேலை தண்ணீர். ஒவ்வொன்றாக எடுத்து அலகை மட்டும் தண்ணீரில் தொட்டு இறக்கி விடுங்கள், ஒன்று குடிக்கப் பழகினால் மற்றவை பார்த்துக் குடிக்கும். தூரத்திலிருந்து வந்திருந்தால் முதல் சில மணி நேரம் அதில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுப்பேன். நாள் முழுக்க அதையே வைத்தால் புளித்துவிடும், எறும்பும் வரும். பசிக்குமே என்று பதறாதீர்கள், பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளாவது தாங்கும். முதல் நாள் குருணையாக உடைத்த மக்காச்சோளம், அப்புறம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம். அம்மிச்சி நொய்யும் கம்பும் போடச் சொல்லும். தாயோடு மேய்ந்து கரையான் பொறுக்கும் குஞ்சுக்கு அது போதும். தகரத்துக்குள் அடைத்து வைத்த குஞ்சுக்குப் புரதம் வேறு எங்கிருந்தும் வராது.

தண்ணீர்க் கிண்ணத்தைத் திறந்து வைத்தால் ஏதாவது ஒன்று விழுந்து நனைந்து சாகும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் விளிம்பை ஒட்டித் துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, தட்டை மேலே வைத்துச் சட்டெனக் கவிழ்த்தால் தானாகத் தண்ணீர் இறங்கும் டப்பா தயார். தட்டின் விளிம்பைவிடத் துளை தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வழிந்து உமி நனையும். முதல் வாரம் தட்டில் கூழாங்கல் போடுங்கள். ஈர உமியை உடனே அள்ளிவிடுங்கள். ரத்தக் கழிச்சல் பெரும்பாலும் அந்த ஈரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

ஏழாம் நாள் வாக்கில், கோழிகளைக் கொத்தாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் தடுப்பாகக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்கு மேல் வரும் அளவாக இருக்கும், கலந்தபின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நாங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து, பிளாஸ்கில் ஐஸ் போட்டு வாங்கி வந்து ஒரே நாளில் விடுகிறோம்.

எத்தனை நாள் பல்பு என்பது மாதத்தைப் பொறுத்தது. கோடையில் எனக்கு இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும், மார்கழியில் நான்கு வாரம் ஓடும். முதுகில் இறகு மூடி, ராத்திரியிலும் பல்பைவிட்டுத் தள்ளிப் படுக்க ஆரம்பித்தால் அணைத்துவிடலாம். அதற்குள் ஒன்றிரண்டு தகர விளிம்பில் ஏறி உட்கார்ந்து உங்களை வேடிக்கை பார்க்கும். அப்படியே நேராகக் கொட்டகைக்கு மாற்றினால் முதல் இரண்டு ராத்திரியும் பழைய புத்தியில் மூலைக்குப் போய்க் குவியும். அந்த நாலு மூலையிலும் வைக்கோல் கட்டைத் திணித்து அடைத்துவிட்டு மாற்றுங்கள்.