ராட் போல்ட்டுக்கு ஹார்ட்வேர் கடை 12.9 போதுமா, இல்ல எல்19 தான் போடணுமா?

கேள்வி கேட்ட தம்பி மிட்சுபிஷி 4ஜி63 டர்போ இன்ஜின் ஒண்ணைப் பிரிச்சுப் போட்டிருக்காராம், மலேசியாவுல செப்பாங் ரேஸ் ட்ராக்ல சொந்தக் காரை ஓட்டுற ட்ராக் டேக்கு தயார் பண்றாராம். ஜாலான் புசார்ல ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் கறுப்பு 12.9 போல்ட்டைக் காட்டி இதுவே போதும், எதுக்கு அமெரிக்காவுல இருந்து வரவழைக்கிறேங்கிறாராம், கூட்டாளி ஒருத்தன் எல்19ங்கிற ரேஸ் போல்ட் ஸ்டீல் தவிர எதையும் தொடாதேங்கிறானாம், யார் சொல்றதைக் கேக்கலாம்னு கேட்டிருக்காரு.

ரெண்டு பேரையும் கேக்காதீங்க தம்பி. பிஸ்டனை கிராங்க்ஷாஃப்ட்டோட சேர்க்கிற கனெக்டிங் ராட் பக்கம் ஏஆர்பி2000, சிலிண்டரை மேல மூடுற ஹெட் பக்கம் 8740 ஸ்டட் (தலை இல்லாம ரெண்டு முனையிலயும் மரை இருக்கிற தண்டு), ரெண்டுமே அமெரிக்க ஏஆர்பி கம்பெனியோடது, இதுக்கு மேல உங்களுக்குத் தேவைப்படாது. பதில் இவ்வளவுதான், ஏன்னு தெரியணும்னா மேல படிங்க.

நான் துவாஸ் பக்கம் ஷிப்யார்ட்ல டீசல் இன்ஜின் ஓவர்ஹால் வேலை பாக்குற ஆளு, கார் எல்லாம் சனி ஞாயிறு பைத்தியம். கப்பல் இன்ஜின்ல கனெக்டிங் ராட் போல்ட்டை யாரும் கை பலத்தை நம்பி டைட் பண்றதில்ல, ஹைட்ராலிக் ஜாக்கை வச்சு இழுத்து நட்டை உக்கார வைப்போம், இத்தனை மணி நேரம் ஓடுனா போல்ட் நல்லா இருந்தாலும் தூக்கிப் போடணும்னு மேனுவல்லயே இருக்கும். அந்தப் பழக்கத்தோட கார் இன்ஜின் பக்கம் வந்தா, இங்க ஆளுங்க போல்ட் எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) தாங்கும்ங்கிறதை மட்டும்தான் பேசுறாங்க, எப்படி டைட் பண்ணப் போறோம்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.

முதல்ல அந்த 12.9. முன்னாடி இருக்குற 12 இழுவிசையைச் சொல்லுது, 1200 மெகாபாஸ்கல். பின்னாடி 9ன்னா அதுல 90 சதவீதம் வரைக்கும் இழுத்தாலும் விட்டா பழைய நீளத்துக்கே திரும்பிடும், அதைத் தாண்டுனா நிரந்தரமா நீண்டுடும். அந்த 1200ஐ பிஎஸ்ஐல சொன்னா கிட்டத்தட்ட 175,000. ஏஆர்பியோட 8740 குரோம் மாலி ஸ்டீல் 180,000ல இருந்து 200,000 வரைக்கும் நிக்குது. அதனால கடைக்காரர் சொன்னது சுத்தப் பொய்யும் இல்ல, காகிதத்துல ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். ஆனா ராட் போல்ட் ஒரே இழுவையில சாகறதில்ல, லட்சக்கணக்கான தடவை இழுத்து விட்டு இழுத்து விட்டு சோர்ந்து போய் சாகுது. அந்த சோர்வைத் தாங்குறது ஸ்டீல்ல மட்டும் இல்ல, மரையை ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் உருட்டி எடுத்தாங்களா, தலைக்கு அடியில வளைவு எப்படி இருக்கு, நடுத்தண்டை ஒல்லியாக்கி சீரா நீள விட்டிருக்காங்களா, ராடும் அதோட அடிமூடியான கேப்பும் நகராம பிடிக்கிற இடம் சரியான அளவுல இருக்கா, இதுலதான் இருக்கு. ஹார்ட்வேர் கடை ஆலன் போல்ட் மெஷின் பெட்டைப் பூட்டச் செஞ்சது, அதுக்கு இதெல்லாம் எதுக்கு? அதுலயும் ஜிங்க் பூசுன 12.9ஐ யாராவது நீட்டுனா வாங்கவே வாங்காதீங்க, அந்த அளவு கெட்டியான ஸ்டீலுக்குள்ள முலாம் பூசும்போது ஹைட்ரஜன் புகுந்துச்சுன்னா டைட் பண்ணி வச்சு ரெண்டு நாள் கழிச்சு சும்மா நிக்கும்போதே டப்புனு தலை தெறிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். ஹெட் போல்ட்டும் ராட் போல்ட்டும் ரெண்டு வேற வேலை பாக்குது. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தழுத்தம், ஏத்துனா ராட் போல்ட்டுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, எரியிற அழுத்தம் பிஸ்டனைக் கீழதானே தள்ளுது, ராட் நசுங்கும், போல்ட் பாட்டுக்கு நிக்கும். போல்ட்டை இழுக்குறது ரெவ், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுத்துதுங்கிறது. எரிஞ்ச புகையை வெளிய தள்ளுற எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியிற இடத்துல பிஸ்டன் மேல பறந்து போய் திடீர்னு நின்னு கீழ திரும்பணும், அப்ப எதிர்ல தள்ள அழுத்தமே இல்ல, அந்த மொத்த வேகத்தையும் பிடிச்சு இழுக்குறது ராட் கேப்பைப் பிடிச்சிருக்கிற ரெண்டே ரெண்டு போல்ட். 4ஜி63ல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 88 மில்லிமீட்டர், ராட் நீளம் 150, பிஸ்டன் பின் ரிங் ராடோட மேல்பாதி எல்லாம் சேர்த்து அரை கிலோன்னு வச்சு 7500 ரெவ்வுக்குக் கணக்குப் போட்டா ஏறக்குறைய 1.8 டன் வருது, ஒரு பிஸ்டனுக்கு. ரெவ் ஏற ஏற இது வர்க்கத்துல ஏறும், 6500ல இருந்து 8000க்குப் போனா ரெவ் கால்வாசிகூட ஏறல, இழுவை ஒண்ணரை மடங்கு ஆயிடுது. அதனாலதான் நிறைய இன்ஜின் ஃபுல் த்ராட்டில்ல வெடிக்காம, நேர்ரோட்டு முடிவுல கால் எடுத்த நொடியில வெடிக்குது.

சரி, 1.8 டன்னை எப்படித் தாங்குறது? டிஃபன் கேரியர் கிளிப்பை நினைச்சுக்கங்க. இறுக்கிப் பூட்டியிருந்தா எம்ஆர்டி ரயில்ல எவ்வளவு குலுங்குனாலும் டப்பா சத்தம் போடாது, கிளிப்புக்கும் ஒண்ணும் ஆகாது. லூசா இருந்தா ஒவ்வொரு குலுக்கலுக்கும் கிளிப் அடி வாங்கும். போல்ட் முன்கூட்டியே கொடுத்திருக்கிற பிடி வெளியில இருந்து வர்ற இழுவையை விட அதிகமா இருந்தா, போல்ட்டுக்கு அந்த ஏற்ற இறக்கம் ரொம்பக் கொஞ்சம்தான் தெரியும். பிடி குறைஞ்சு போச்சுன்னா 260,000 பிஎஸ்ஐ போல்ட்டும் போயிடும், நல்லா பிடிச்சா சாதா போல்ட்டும் நிக்கும்.

அந்தப் பிடியை டார்க் ரெஞ்ச்ல, அதாவது முறுக்கு பலத்தை அளந்து டைட் பண்ற ஸ்பேனர்ல, வாங்குறதுதான் தலைவலி. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்கல்ல, அதே கதை. நீங்க ரெஞ்ச்ல போடுற பலத்துல சுமார் 90 சதவீதம் தலைக்கு அடியிலயும் மரையிலயும் உராய்வுக்கே போயிடுது, மிச்சம் 10 தான் போல்ட்டை நீட்டுது. அதனால எந்த லூப் (வழுக்குறதுக்குத் தடவுற பசை, எண்ணெய்) தடவுறீங்கன்றதை வச்சு பிடி மாறும். ஏஆர்பி பாக்கெட்டோட வர்ற அல்ட்ரா டார்க் லூபுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தா அந்த நம்பர் அந்த லூபுக்கு மட்டும்தான், இன்ஜின் ஆயிலைத் தடவிட்டு அதே நம்பருக்கு டைட் பண்ணா ரெஞ்ச் கிளிக் அடிக்கும், போல்ட் பாதி தூக்கத்துல இருக்கும். ராட் போல்ட்ல ரெண்டு முனையும் வெளிய தெரியிறதால ஸ்ட்ரெட்ச் கேஜ் வச்சு எவ்வளவு நீளுதுன்னே அளந்துடலாம், பொதுவா 5ல இருந்து 6 தவ் வரைக்கும் வரும், அதாவது இன்ச்ல ஆயிரத்துல 5 பங்கு, 6 பங்கு, உங்க போல்ட்டுக்கு எவ்வளவுன்னு பேப்பர்ல இருக்கும். அந்த கேஜ் வாங்க மனசு வராதவங்க அதை விட நாலு மடங்கு காசைக் கொடுத்து பெரிய போல்ட் வாங்குறாங்க, இதை நான் கண்ணால பாத்துக்கிட்டே இருக்கேன்.

எல்19 பத்தி. அது 260,000 பிஎஸ்ஐ, உண்மைதான், ட்ராக் ரேஸ்காரங்க போடுறாங்க, அதுவும் உண்மைதான். ஆனா அதுக்குத் தண்ணி ஆகாது. ஈரம் பட்டா அரிப்புலயும் ஹைட்ரஜன்லயும் விரிசல் விடும், கை வேர்வையும் ஈரம்தானே, எப்பவும் நல்லா எண்ணெய் தடவியே வச்சிருக்கணும்னு தயாரிக்கிறவங்களே எச்சரிக்கிறாங்க. நம்ம ஊர்ல சட்டை காயாது, வொர்க்ஷாப்ல ஃபேனுக்கு அடியில நின்னாலே வேர்த்து ஊத்துது, இன்ஜினைப் பாதி கட்டிட்டு சம்பளம் வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிற ஆளுங்க நாம. இந்த லட்சணத்துல எல்19 எதுக்கு? அந்த பலம் நிஜமாவே வேணும்னா கஸ்டம் ஏஜ் 625+ இருக்கு, நிக்கல் கலந்தது, அதே 260,000, துரு பயமே கிடையாது, விலையைப் பாத்தாதான் நெஞ்சு வலிக்கும். ஏஆர்பி2000 இருக்கிறது 8740க்கும் எல்19க்கும் நடுவுல, 220,000. நல்ல எச் பீம் ராட் (எச் வடிவத்துல செஞ்ச பலமான ராட்) வாங்குனா பெரும்பாலும் அந்த போல்ட்டோடயே வந்துடும். பழைய ஃபாக்டரி ராடுல புது போல்ட் போட்டா பிக் எண்டை, அதாவது கிராங்கைப் பிடிக்கிற பெரிய வளையத்தை, மெஷின் ஷாப்ல மறுபடி ஹோன் பண்ணியே (உரசி வட்டமாக்கியே) ஆகணும், பிடி மாறுனா வட்டம் கோணிடும், அந்தக் கூலியையும் கூட்டிப் பாத்தா புது ராட் செட்டே வாங்கிடலாம்னு தோணும்.

ஹெட் பக்கம் அழுத்தத்தோட விவகாரம், இங்கதான் பூஸ்ட் கணக்குல வரும். போர், அதாவது சிலிண்டர் விட்டம், 85 மில்லிமீட்டர், உள்ள 100 பார் அழுத்தம்னு வைங்க, ஹெட்டை மேல தள்ளுறது 5.8 டன் கிட்ட. பிடி பத்தலைன்னா ஹெட் ஒரு முடி அளவு தூக்கும், கேஸ் தண்ணிக்குள்ள போகும், ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி ஆகும், ரிசர்வ் டப்பா பொங்கும். போல்ட்டை விட ஸ்டட் ஏன் நல்லதுன்னா, போல்ட்டைத் திருகும்போது அது முறுக்கவும் படுது இழுக்கவும் படுது, ஸ்டட் சும்மா நிக்கும், நட்டு மட்டும்தான் சுத்தும். பிளாக்குக்குள்ள ஸ்டட்டைக் கையால திருகி உக்கார வச்சாப் போதும், அங்க யாரும் வீரத்தைக் காட்ட வேண்டாம். ஓட்டைக்கு அடியில எண்ணெயோ தண்ணியோ நின்னா மட்டும் ஊதி எடுத்துடுங்க, அது வெளியேற வழியில்லாம பிளாக்கையே விரிசல் விட வைக்கும். மரையைச் சுத்தம் பண்ண சேஸர் (அழுக்கை மட்டும் எடுக்கிற கருவி) போடுங்க, டேப் (மரை வெட்டுற கருவி) போட்டா இருக்குற மரையையும் சேர்த்துச் சீவிடும்.

இன்னொண்ணு, ஸ்டட் பெருசாக ஆக சிலிண்டர் போரும் கோணும். எந்த ஸ்டட் போடப் போறீங்களோ அதே ஸ்டட், அதே டார்க், ஹெட்டுக்குப் பதிலா டார்க் பிளேட்ங்கிற கனத்த தகட்டை மாட்டி ஹோன் பண்ணச் சொல்லுங்க. மெஷின் ஷாப்காரர் அது எதுக்குன்னு கேட்டா வேற ஷாப் பாருங்க. அப்புறம் ஸ்டட் போட்டுட்டா ஹெட்டை நேரா மேல தூக்கித்தான் எடுக்கணும், வண்டிக்குள்ள வச்சே கழட்டுறதுக்கு இடம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கங்க. எல்டிஏ (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம்) விஷயம் தனி, எதுக்கு அனுமதி வேணும், எது கூடவே கூடாதுன்னு அவங்களே பட்டியல் போட்டிருக்காங்க, இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு முழிக்காம இப்பவே அதைப் படிச்சிடுங்க.

கடைசியா என் கதை. என் பழைய ஹோண்டா பி18சி இன்ஜின்ல ராட் போல்ட்டை நானே மாத்துனேன், பிக் எண்ட் ஹோன் பண்ணல, லூப் ட்யூப் எங்கேயோ தொலைஞ்சு போச்சு, இன்ஜின் ஆயிலைத் தடவி பேப்பர்ல இருந்த நம்பருக்கே டைட் பண்ணேன். செப்பாங்ல அஞ்சுல இருந்து நாலுக்குப் போறதுக்குப் பதிலா ரெண்டுல தள்ளிட்டேன். கியர் பொட்டி இன்ஜினை இழுத்து சுத்துறப்ப ரெவ் லிமிட்டர் என்ன பண்ணும், பாவம், பெட்ரோலைத்தான் நிறுத்தும். ஊசி சிவப்பைத் தாண்டி எங்கயோ போச்சு, ஆனா ஒண்ணும் ஆகல, அப்பாடான்னு இன்னொரு ரவுண்டு போனேன். அந்த ரவுண்டு பாதியில மூணாவது ராட் பிளாக்கைக் கிழிச்சுட்டு வெளிய எட்டிப் பாத்துச்சு. போல்ட் அந்த ஓவர் ரெவ்லயே நீண்டு பிடியை விட்டிருக்கும், மிச்சம் இருந்த நிமிஷங்கள்ல கேப் ஒவ்வொரு சுத்துக்கும் வாயைத் திறந்து மூடியிருக்கும். மிச்சம் 7 போல்ட்டையும் அளந்து பாக்கலாம்னு மைக்ரோமீட்டரை எடுத்தேன், ஒரு தவ் நீண்டிருந்தாலே குப்பைன்னு அவங்க பேப்பர்ல இருக்கு, ஆனா எதோட ஒப்பிடுறது, போடுறதுக்கு முன்னாடி எந்த போல்ட் எவ்வளவு நீளம்னு நான் எழுதியே வைக்கலையே. அதனால உங்க பாக்கெட்டைப் பிரிச்ச உடனே 8 போல்ட்டையும் அளந்து, எந்த ராடு எந்தப் பக்கம்னு நம்பர் போட்டு, நோட்டுல எழுதிட்டு அப்புறம் லூபைத் திறங்க.