மணற்கரை ஓட்டத்துக்கு ஒரு ஹாட் ராட்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஓடும் நிலையில் உள்ள 1930-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ கூப்பே கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய காராக, ஆக்க நினைக்கிறேன். வைல்ட்வுட் கடற்கரையில் நடக்கும் ‘தி ரேஸ் ஆஃப் ஜென்டில்மென்’ ஓட்டத்தில் அடுத்த ஆண்டு கலந்துகொள்ள ஆசை. இதிலுள்ள நாலு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, பழைய ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சினை (வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்திலேயே இருக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின்) இப்போதே பொருத்த வேண்டுமா? பணத்தை முதலில் எதில் போடுவது?

பதில்: எஞ்சினை இப்போது மாற்ற வேண்டாம். முதல் ஆண்டு அந்த நாலு சிலிண்டர் எஞ்சினோடேயே ஓடுங்கள். பணத்தை முதலில் பிரேக்கிலும், பிறகு ஸ்டியரிங்கிலும், அதன் பிறகு பெட்ரோல் டேங்கிலும் போடுங்கள். இந்த வரிசையை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வி8 வாங்கிவிட்டுக் கை காய்ந்துபோய், காரை ஓட்டாமலேயே கொட்டகையில் போட்டு வைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

முதலில் ஓட்டத்தின் தன்மையைப் பார்ப்போம். அலை வடிந்து இறுகிய ஈர மணலில், எட்டில் ஒரு மைல், அதாவது ஏறக்குறைய 200 மீட்டர் தூரம், இரண்டிரண்டு கார்களாக ஓடுவார்கள். உடல் 1930-களின் முற்பகுதியைச் சேர்ந்த அமெரிக்கக் கார்களையும், அவற்றில் 1950-களின் தொடக்கம் வரை கிடைத்த எஞ்சின்களையும் பாகங்களையும் மட்டுமே ஏற்பது அங்குள்ள வழக்கம். ஆகவே புதிய எஞ்சினைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஓட்டத்தை நடத்துபவர்களிடம் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பாகத்தையும் அவற்றோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். இந்தத் தூரத்தில், இந்தத் தரையில், கூடுதல் குதிரைத்திறன் பெரும்பாலும் மணலைத் தோண்டவே பயன்படும். கிளட்சை வெடுக்கென்று விட்டால் பின் சக்கரம் குழி பறித்து நிற்கும். பக்கத்தில் நிற்பவர் பாதி திறனோடு மெல்லக் கிளம்பிப் போய்விடுவார். மணலில் காரைக் கிளப்பும் பக்குவத்தைக் கற்க 40 குதிரைத்திறன் போதும்.

மாடல் ஏ-யின் பிரேக், இரும்புத் தண்டுகள் வழியாக இழுபடும் இயந்திர பிரேக். சரியாக ஒழுங்கு செய்தால் ஊருக்குள் ஓட்டப் போதும். ஓட்டம் முடிந்து, அடுத்த வரிசைக் காரின் பக்கத்தில் நேராக நிற்க அது போதாது, ஏனென்றால் நாலு சக்கரமும் ஒரே அளவில் பிடிப்பது அபூர்வம். ஃபோர்டு நிறுவனம் 1939-ஆம் ஆண்டு மாடலில்தான் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குக்கு வந்தது. 1939 முதல் 1948 வரையிலான அந்த பிரேக்குகளை மாடல் ஏ-யின் அச்சில் சிறு வளையங்கள் சேர்த்துப் பொருத்துவது அக்கால இளைஞர்களே கண்ட வழி என்பதால், காலத்துக்கு ஒவ்வாதது என்ற பேச்சு எழாது. சக்கர போல்ட்டுகளின் இடைவெளியும் ஒத்துப்போகும். ஆனால் உங்கள் காரின் 19 அங்குலக் கம்பிச் சக்கரம் அந்த டிரம்மின் மேல் சரியாக உட்காராமல் போகலாம், அப்போது 1940-ஆம் ஆண்டின் 16 அங்குல எஃகு ரிம்களைத் தேடுங்கள். அந்தக் கால மாஸ்டர் சிலிண்டரில் (மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்கு மாற்றும் பாகம்) ஒரே ஒரு வழிதான் உண்டு. எங்காவது ஓர் இடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே கைப்பிரேக்கைக் கழற்றி எறியாமல், தனியாக வேலை செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங்கைச் சோதிக்க முன் சக்கரங்களைத் தரையில் வைத்தபடியே ஒருவரை ஸ்டியரிங் சக்கரத்தை இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஆட்டம் எந்த மூட்டில் தொடங்குகிறது என்பது கண்ணைவிட விரலுக்கு முன்னதாகத் தெரியும். கிங்பின்னில் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணி) ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள். இறுக்கிச் சமாளிக்க அங்கே வழியில்லை.

அடுத்தது பெட்ரோல் டேங்க். மாடல் ஏ-யில் டேங்க், முன் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு நேர் எதிரே, எஞ்சினுக்கும் அவருக்கும் இடையில் இருக்கிறது. மோட்டார் பம்பு இல்லாமல் தன் எடையாலேயே பெட்ரோல் இறங்கட்டும் என்று அன்று அப்படி வைத்தார்கள். பந்தயக் காருக்கு அந்த இடம் ஆகவே ஆகாது. அதைக் காலியாக்கி நன்கு கழுவி, வெளிக்கூட்டை மட்டும் தோற்றத்துக்காக விட்டுவிட்டு, சிறிய டேங்க் ஒன்றை இருக்கைக்குப் பின்னால் பொருத்துங்கள்.

எஞ்சினைப் பற்றி: தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இதன் அழுத்த விகிதம் 4.22-க்கு 1, திறன் நிமிடத்துக்கு 2200 சுழற்சியில் 40 குதிரை. 5.5 அளவுக்கு அழுத்தம் தரும் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஒன்றைப் போட்டாலே கார் வேறு காராகத் தெரியும், அதை மாற்ற ஒரு மாலை நேரம் போதும். ஆனால் சுழற்சியை உயர்த்தும் ஆசையை அடக்குங்கள். கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை மூன்றே பேரிங்குகள். எதிர் எடைகள் இல்லை. பேரிங்கில் இருப்பது உருக்கி ஊற்றிய பாபிட் எனும் மென்மையான கலப்பு உலோகம். வேகமாகச் சுழலும்போது தண்டு வளைந்து நடுப் பேரிங்கை அடித்துத் தின்றுவிடும். ஃப்ளைவீல் (கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) பழைய வார்ப்பிரும்பாக இருந்தால் விரிசல் சோதனை செய்யாமல் ஓட்ட வேண்டாம். அது உடைந்து பறந்தால் உங்கள் கால்கள் இருக்கும் இடத்தைத்தான் தாக்கும்.

இரண்டாம் ஆண்டுக்கு வி8 தேடுவீர்கள், அது எனக்குத் தெரியும், அந்த ஆசையில் தவறும் இல்லை. 1932-இல் 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனுமாக வந்த அந்த எஞ்சின்தான் சாதாரண வருமானக்காரர் கையில் எட்டு சிலிண்டரைக் கொடுத்தது. ஆனால் வாங்கும்போது கவனம் முழுவதும் பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சினின் இரும்பு உடல்) மீது இருக்க வேண்டும். இதில் எரிந்த புகை, பிளாக்கின் உள்ளேயே நீர்ப்பாதைகளை ஒட்டி ஓடி வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே புகைவழி. அந்தச் சூடெல்லாம் தண்ணீரில் இறங்குவதால்தான் இந்த எஞ்சினுக்குச் சூடேறும் பெயர் வந்தது, பிளாக்கும் வால்வு இருக்கைகளைச் சுற்றி வெடிக்கிறது. நான் ஒருமுறை சோதிக்காத பிளாக்கை முதலில் சிலிண்டர் அகலப்படுத்தக் கொடுத்து, கூலி கட்டிய பிறகு அழுத்தச் சோதனைக்கு அனுப்பினேன். சோப்புத் தண்ணீர் பூசிய இடத்தில், ஒரு வால்வு இருக்கையிலிருந்து சிலிண்டர் வரைக்கும் மயிரிழை போன்ற கோட்டில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. அந்த உலோகம் பழைய இரும்புக்குத்தான் போயிற்று. முதலில் வெந்நீர்க் காரத் தொட்டியில் சுத்தம், பிறகு விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனை, பிறகு அழுத்தச் சோதனை, சுவர் தடிப்பு அளவை. கடைசியில்தான் சிலிண்டரைத் தொடலாம். நீர்ப்பாதைகளுக்குள் வளைந்த கம்பியை விட்டுக் கிளறிப் பாருங்கள்: வார்ப்படத்தின்போது தங்கிய மணல், எண்பது ஆண்டுத் துருவோடு கைப்பிடி கைப்பிடியாக வரும். அதை எடுக்காமல் பெரிய ரேடியேட்டர் போட்டுப் பயனில்லை.

எடை கூடிய வி8-ஐ மாடல் ஏ-யின் மெல்லிய சட்டத்தில் அப்படியே வைக்காமல், சட்டத்தைப் பெட்டியாகப் பற்றவைத்து வலுப்படுத்துவது நல்லது. ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள் இரண்டை வைத்தால், பெட்ரோல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2.5 பவுண்டுக்கு மேல் போகாமல் பாருங்கள். மிஞ்சினால் ஊசி வால்வு மூடாமல் வழியும். மணற்கரையில் காற்று வடிகட்டி இல்லாமல் எந்தக் கார்புரேட்டரையும் இயக்க வேண்டாம்.

ஓட்டம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. உப்பு மணல் டிரம்முக்குள் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து இறுகிவிடும். நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, வீட்டில் நாலு டிரம்களையும் கழற்றி மணலைத் தூரிகையால் துடைத்து, சக்கர பேரிங்குகளின் கிரீஸை முழுதாக எடுத்துப் புதிது அடைத்த பிறகே காரை மூடி வையுங்கள்.