இறுதியாண்டில் வேலையும் படிப்பும்: நிறுத்த வேண்டாம்

தம்பி, திருகோணமலை கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டே கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்து மென்பொருள் சோதனை வேலை பார்ப்பதாகவும், படிப்பை நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நானும் உப்புவெளியில் இருந்துகொண்டு இதே பாடு பட்டவன். முதலில் விரிவுரை வரவைக் கணக்குப் பாருங்கள். அது குறைந்தால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். அப்புறம் பரீட்சைத் திகதிகளையும் ஆய்வறிக்கை ஒப்படைக்கும் நாளையும் இன்றைக்கே மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நான் வாயால் சொன்னதோடு விட்டுவிட்டேன். மென்பொருள் வெளியீடும் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்து, ஒரு பாடம் கைவிட்டுப் போனது. இந்த வேலையைத் தொழிற்பயிற்சியாக ஏற்பார்களா என்று துறைத்தலைவரிடமும் கேளுங்கள். பரீட்சை முடியும்வரை பகுதிநேரமாக்கித் தந்தால், சம்பளம் குறைந்தாலும் சரி, எடுத்துக்கொள்ளுங்கள்.