எலிக்கு ஒன்றும் ஆகவில்லையாம்! நச்சு வகைப்பாடு: கேள்வி-பதில்

எங்கள் கெமிக்கலின் எல்டி50 (சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு) 150. என்ன கேட்டகரி?

150 என்ன, மாம்பழமா? எந்த விலங்கு, எந்த வழி, என்ன அலகு என்று எழுதாமல் அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது. மி.கி./கிலோ என்றே வைத்துக்கொண்டாலும், வாய் வழி என்றால் ஜிஹெச்எஸ் (கெமிக்கல் ஆபத்துகளை வகைப்படுத்தும் உலகப் பொது முறை) கேட்டகரி 3, அதே 150 தோல் வழி என்றால் கேட்டகரி 2.

எண் குறைந்தால் ஆபத்தும் குறைவுதானே?

தலைகீழ். கேட்டகரியிலும் 1தான் படுமோசம்.

லேப் ரிப்போர்ட்டில் வாய் வழி ">2000". எஸ்டிஎஸ்ஸில் (பாதுகாப்புத் தரவுத் தாளில்) 2000 என்று போடலாமா?

போட்டால் கேட்டகரி 4-க்குள் போய் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அதன் மேல் வரம்பே 2000தான். 2000 கொடுத்தும் எலிகளில் பாதிகூடச் சாகவில்லை என்பதைத்தான் அந்த 'விட அதிகம்' குறி சொல்கிறது. குறியை விழுங்காதீர்கள்.

தின்னரில் மெத்தனால் 20 சதவீதம். எலிக்கு எல்டி50 5600 என்று இருக்கிறது. அப்போது வாய் வழி நச்சு லேபிள் வேண்டாம்தானே?

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, எனக்கும் மாதம் தவறாமல் கோபம் வருகிறது. எலிக்கு 5600 சரிதான், ஆனால் உங்கள் தின்னரை எலியா கையாளப் போகிறது? மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறும். எலியின் கல்லீரலில் ஃபோலேட் என்ற வைட்டமின் தாராளம், வந்த வேகத்தில் அதைக் கரைத்துத் தள்ளிவிடும். நமக்கு அந்த வேலை மெதுவாக நடப்பதால் அமிலம் தேங்கி, பார்வை நரம்பு கெட்டு, கண் போய் அப்புறம் உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்களே, அவர்களிடம் 5600 என்று சொல்லிப் பாருங்கள். ஐரோப்பாவில் மெத்தனாலைக் கேட்டகரி 3 என்று சட்டப் பட்டியலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கேட்டகரி 3 என்று மட்டும் தெரிந்தால் வாய் வழி ஏடிஇ (கணக்குக்கு எடுக்கும் உத்தேச நச்சு அளவு) மதிப்பு 100. மற்ற சரக்குகளுக்கு வாய் வழி நச்சு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள்தான் எழுதவில்லையே. 20-ஐ 100-ஆல் வகுத்தால் 0.2, 100-ஐ அந்த 0.2-ஆல் வகுத்தால் கலவையின் ஏடிஇ 500. கேட்டகரி 4, லேபிளில் ஆச்சரியக்குறிப் படம், எச்302 (விழுங்கினால் தீங்கு என்ற வாசகம்). எலிக் கணக்கைப் போட்டிருந்தால் 28,000 வந்திருக்கும், வாய் வழி நச்சு எச்சரிக்கையே லேபிளில் இருக்காது.

ஓர் ஆலையில் இதே 5600-ஐக் காட்டி மெத்தனால் டிரம்களில் மண்டை ஓட்டு ஸ்டிக்கரே ஒட்டாமல் விட்டிருந்தார்கள். காலி டிரம் ஒன்றை வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க உருட்டிக்கொண்டு போனவரை கேட்டருகே நான்தான் மடக்கினேன். மோந்து பார்த்தால் சாராய வாடை.

குளோரினுக்கு எலி எல்சி50 (மூச்சில் போனால் பாதி விலங்குகளைக் கொல்லும் செறிவு) சுமார் 290 பிபிஎம், 1 மணி நேரம். அப்படியே எடுக்கலாமா?

கூடாது. ஜிஹெச்எஸ் வரம்பெல்லாம் 4 மணி நேரத்துக்கானவை. வாயு, ஆவி என்றால் 2-ஆல் வகுங்கள், தூசி, காற்றில் மிதக்கும் நுண்துளி என்றால் 4-ஆல். உங்களுக்கு 145 வரும், கேட்டகரி 2. மறுபடியும் சொல்கிறேன்: விலங்கு, வழி, அலகு, நேரம்.

புது கெமிக்கலுக்கு ஓஇசிடி 401 சோதனைக்கு (வாய் வழி எல்டி50 காணும் சர்வதேச சோதனை முறை) எவ்வளவு செலவாகும்?

அதை 2002-லேயே நீக்கிவிட்டார்கள். இப்போது 420, 423, 425. எலியைத் தொடுமுன் ஏற்கெனவே தரவு இருக்கிறதா என்று தேடுங்கள்.