வாட்ஸ்அப் தொடங்க ஆதார் நகல் எதற்கு?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரத்தநாட்டில் தனியாக வசிக்கிறேன். புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கிறேன். வாட்ஸ்அப் போட்டுத் தர ஆதார் நகலும் 300 ரூபாயும் வேண்டும் என்கிறார் கடைக்காரர். மகள் சிங்கப்பூரிலும் மகன் துபாயிலும் இருக்கிறார்கள். இருவரையும் முகம் பார்த்துப் பேச முடியுமா?

பதில்: இரண்டையுமே கொடுக்காதீர்கள், அம்மா. வாட்ஸ்அப் இலவசச் செயலி. கணக்குத் தொடங்க அது கேட்பது ஒரு கைப்பேசி எண்ணைத்தான். அடையாளச் சான்று காட்டும் வேலை, நீங்கள் சிம் கார்டு வாங்கிய அன்றோடு முடிந்துவிட்டது.

பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப் என்று தேடி, பெயருக்குக் கீழே வாட்ஸ்அப் எல்எல்சி என்று இருப்பதை மட்டும் நிறுவுங்கள். எண்ணைக் கொடுத்ததும் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கக் குறியீடு வரும். சிம்மின் ரீசார்ஜ் காலாவதியாகிக் கிடந்தால் அது வராமல் போகலாம். வருகிற செய்தியைப் படிப்பதற்கும் மாதாமாதம் பணம் கட்ட வைத்திருக்கும் தொலைபேசி நிறுவனங்களைக் கேட்பார் யாருமில்லை. அந்தக் குறியீட்டை நீங்களே உள்ளிடுங்கள்; எவர் கேட்டாலும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

300 ரூபாயைவிட எனக்குக் கவலை தருவது, உங்கள் கைப்பேசி கடைக்காரர் கையில் இருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான். அவருடைய கணினித் திரையில் தெரியும் கியூஆர் கட்டத்தை உங்கள் கைப்பேசியால் ஒருமுறை படம்பிடித்துவிட்டால், அதன்பின் உங்களுக்கு வரும் செய்திகள் எல்லாம் அந்தக் கணினியிலும் வந்து விழும். உங்களுக்குத் தெரியாமலே போகலாம். எல்லாக் கடைக்காரரும் அப்படிப்பட்டவர் அல்லர் என்றாலும், எவர் அப்படிப்பட்டவர் என்று முகத்தில் எழுதியிருப்பதில்லை. ஏற்கெனவே கொடுத்து வாங்கியிருந்தால், மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்து, அங்கே எந்தக் கணினியின் பெயர் இருந்தாலும் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பு என்ற வசதிக்கு ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை வீட்டில் உட்கார்ந்து நீங்களே வையுங்கள்.

மகளின் எண்ணை முன்னால் கூட்டல் குறியிட்டு, 65 என்ற நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள். பிறகு அவர் பெயரைத் திறந்து கேமரா படத்தைத் தொட்டால் முகம் பார்த்துப் பேசலாம். வைஃபை இல்லையென்றால் அன்றைய டேட்டா சீக்கிரம் கரையும், அவ்வளவுதான்.

மகன் விஷயம் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகச் செய்தியும் படமும் குரல் பதிவும் போகும். குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் அங்குள்ள கட்டுப்பாட்டால் இணையாது. உங்கள் கைப்பேசியில் குறையில்லை. இதற்கு விபிஎன், அதாவது இணையத்தை வேறு நாட்டின் வழியாகச் சுற்றிவிடும் செயலி, போட்டுத் தருகிறேன் என்று இன்னொரு தொகை கேட்பார்கள். தடை இருப்பது மகனின் பக்கம் என்பதால் ஒரத்தநாட்டில் விபிஎன் போட்டுப் பயனில்லை. மகன் அதைப் போட்டுத் தடையை மீறினாலோ, அந்த நாட்டுச் சட்டத்தில் சிக்கிக்கொள்ள இடமிருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் என்ற செயலியை இருவரும் நிறுவிக்கொண்டால் பேசலாம். அதற்குத் தனிக் கட்டணத் திட்டம் வேண்டுமா என்பதை மகன் தம் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளட்டும். அவர் சிங்கப்பூருக்குத் தங்கையைப் பார்க்கப் போனால் அங்குள்ள வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்பு வரும். ஆனால் துபாய் சிம்மின் ரோமிங் இணையத்தில் பேச முயன்றால், அது பெரும்பாலும் துபாய் வழியாகவே சுற்றி வருவதால், அங்கேயும் இணையாமல் போகலாம். ஊருக்கு வரும்போதும் இதே கதைதான். இங்கே உள்ளூர் சிம்மையோ வைஃபையையோ பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஆதார் நகலை ஏற்கெனவே கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். அதைக் காட்டி உங்கள் பெயரில் வேறு சிம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். சிம் கொடுக்கும்போதே நிறுவனம் செய்ய வேண்டிய சரிபார்ப்பை நாம் செய்ய வேண்டியிருக்கிறது, இருந்தாலும் செய்துவிடுங்கள். பட்டியலில் உங்களுடையது அல்லாத எண் தென்பட்டால், அது உங்கள் எண் இல்லை என்று அதே பக்கத்தில் குறித்து அனுப்பலாம்.